மின்விசிறிக்குக் கீழே ஒரு கிளிப்

பார்சல் அலுவலகத்தில் தலைமை எழுத்தர் பதவி காலியானதும், அதற்காக நெடுநாள் காத்திருந்தவருக்கே அது கிடைத்தது. பெரிய மேசை கிடைத்தது. சுழல் நாற்காலி கிடைத்தது. ஆளைக் கூப்பிட மணி கிடைத்தது. மேசைக்கு நேர் மேலே ஒரு மின்விசிறியும் இருந்தது. வந்தது வினை.

தலைமை எழுத்தரின் உச்சந்தலை எப்போதோ வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இடது காதுக்கு மேலே மட்டும் ஒரு முடிக்கற்றையை அவர் செல்லமாக வளர்த்து, உச்சி வழியாக வலது காது வரை கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார். பழைய இடம் காற்று வராத மூலை. கற்றையும் சமர்த்தாகக் கிடந்தது. புது மேசையில் உட்கார்ந்த அன்றே மின்விசிறியைப் போட்டார்கள். கற்றை எழுந்து நின்று எல்லோரையும் பார்த்தது. காகிதம் பறக்காமலிருக்கக் கண்ணாடிக் குண்டு கொடுத்த அலுவலகம், தலைக்கென்று எதுவும் கொடுக்கவில்லை. கீழே வேலை பார்ப்பவர்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள். சிரித்தால் அதட்டலாம். இருமுகிறவனை என்ன சொல்லி அதட்டுவது?

வீட்டில் மனைவி பல காலமாகச் சொல்லிவந்த யோசனை ஒன்று உண்டு. அன்றும் சொன்னாள்.

"அதை வெட்டிப் போட்டுட்டு ஒட்ட கிராப் அடிச்சுக்குங்க. லட்சணமா இருப்பீங்க. காலையில கண்ணாடியும் எனக்குக் கிடைக்கும்."

"என் தலையில இருக்குறது உனக்கு ஏன் உறுத்துது?"

"தலையில இருந்தா உறுத்தாது. தலைக்கு மேலல்லவா பறக்குது!"

தலைமை எழுத்தர் அந்த நிமிடமே மனசுக்குள் சபதம் செய்தார். கற்றையும் போகக் கூடாது, மானமும் போகக் கூடாது. மறுநாள் மனைவி குளிக்கப் போனதும் அவளுடைய டப்பாவிலிருந்து ஒரு கறுப்பு ஹேர்பின்னை எடுத்தார். கற்றையின் நுனியை வலது காதோர முடியோடு சேர்த்துச் செருகிக்கொண்டார். மின்விசிறி நாள் முழுக்கச் சுற்றியது. கற்றை அசையவில்லை. ஒருவரும் இருமவில்லை. சந்தோஷம் தாங்காமல் அவர் மணியைக் காரணமில்லாமல் அடித்துப் பார்த்தார்.

மாலையில் பின்னை உருவியபோது அதோடு கொத்தாக முடியும் வந்தது. மற்றவர்களுக்கு உதிர்வது முடி. அவருக்கு உதிர்வது முதல். அன்று சாப்பாடும் இறங்கவில்லை.

"ஏங்க, என் ஹேர்பின் ஒண்ணைக் காணோம். பாத்தீங்களா?"

"ஹேர்பின்னா? அது எப்படி இருக்கும்?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் தலையிலதான் இருக்கு."

"நான் உன் முகத்தைப் பாத்துப் பேசுற ஆளு. தலையை எங்க பாத்தேன்?"

"அதுவும் சரிதான்" என்று மனைவி எழுந்து போய்விட்டாள். இவ்வளவு லேசாக அவள் எதையும் விட்டதில்லை. அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் மாலை அவர் பத்திரிகையை விரித்து உட்கார்ந்திருந்தபோது பால்கனியில் மனைவியின் குரல் கேட்டது. எதிர்வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி மெல்லப் பேசுகிறவள். அவள் பேச்சு என்றைக்குமே உள்ளே எட்டாது.

"முடி கொத்தா வருதா? எந்தப் பின்னு போடுற? முனையில குமிழ் போனதா? அதைத் தூக்கிப் போடு முதல்ல. வெறுங் கம்பி முடியை அறுத்துடும். உள்பக்கம் துணி சுத்துன கிளிப்பு விக்கிறான், அதை வாங்கு."

பத்திரிகை தாழ்ந்தது.

"ஈரத்தலையில போடாதே. எடுக்கும்போது உருவாதே, கிளிப்போட வாயைத் திறந்து எடு. இழுத்து இறுக்கியும் போடக் கூடாது, வேர் விட்டுடும்."

தலைமை எழுத்தர் நேராக வளையல் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் கிளிப் அட்டைகளை எடுத்துப் போட்டாள்.

"யாருக்கு சார்?"

"சின்னப் பொண்ணுக்கு."

"முடி அடர்த்தியா?"

"ரொம்பக் குறைவும்மா" என்றபோது அவர் கை தானாகத் தலைக்குப் போனது.

புதுக் கிளிப் நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் ஒரு இழை, இரண்டு இழை உதிரத்தான் உதிர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் அதற்கும் வழி பிறந்தது.

"நுனி பிளந்திருந்தா நல்ல கிளிப்பு போட்டும் என்ன பிரயோசனம்? பிளவு மேல ஏறிக்கிட்டே வரும். ஒரு விரல் அகலம் வெட்டிவிடு. அப்புறம் பாரு, எப்படித் தெம்பாகுதுன்னு!"

தலைமை எழுத்தர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு விரல் வெட்டினார். அடுத்த ஞாயிறு, "இன்னும் பிளக்குதா? இன்னொரு விரல் எடு" என்று கேட்டது. எடுத்தார். அதற்கடுத்த ஞாயிறும் எடுத்தார். எதிர்வீட்டுக்காரிக்கு என்ன தலைமுடியோ, அது பிளந்துகொண்டே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை கண்ணாடி முன் நின்றபோது கற்றை உச்சியோடு நின்றுவிட்டது. வலது காது வெகு தூரத்தில் இருந்தது. கிளிப்பைப் போட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் பிடிக்க முடி இருந்தது, அந்தப் பக்கம் மண்டைதான் இருந்தது. கிளிப் வழுக்கிக்கொண்டு வந்து மூக்கில் இடித்தது. அழுகைகூட வந்தது. பிறகு அலுவலகத்துக்குப் போகும் வழியில் முடிதிருத்தும் கடையில் ஏறி உட்கார்ந்தார்.

"ஒட்ட எடுத்துடவா சார்?"

"எடுத்துடு."

அன்று மின்விசிறி வேகமாகத்தான் சுற்றியது. யாரும் இருமவில்லை. "சார், ஆளே இளைச்சு இளமையா ஆயிட்டீங்க" என்று பார்சல் கட்டுகிறவர் மனசாரச் சொன்னார். உச்சந்தலையில் காற்று பட்டது சுகமாகவும் இருந்தது. அதை வீட்டில் சொல்வதில்லை என்று தலைமை எழுத்தர் முடிவு செய்தார்.

மாலையில் மனைவியோடு காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தார். கழுத்தைத் திருப்பினால் கற்றை நகர்ந்துவிடும் என்று இத்தனை நாளும் யார் வீட்டையும் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர், இன்று தாராளமாகத் திரும்பினார். எதிர்வீட்டுக்காரி பெட்டி படுக்கையோடு வாசலில் நின்று பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் வந்து இறங்குறேன்க்கா. அம்மாவுக்கு உடம்பு முடியலேன்னு போனது, ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. பூட்டே துருப்பிடிச்சுக் கெடக்கு. அட, சாருக்கு இந்தக் கிராப் நல்லா இருக்கே!"

தலைமை எழுத்தர் பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு மாசமா இவங்க இங்க இல்லையா? அப்ப பால்கனியில நின்னு நீ யார்கிட்ட பேசின?"

மனைவி பையை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"யாரு ஒட்டுக் கேட்டாங்களோ, அவங்ககிட்டதான்."