குரல் கொடுக்காமல் ஏறிய மரம்

திஜானிக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம் உண்டு. காலையில் நீளமாக இருந்தது மத்தியானம் சுருங்கிவிட்டதே, மீதியை யார் அடித்துக்கொண்டு போனது என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்டவர் வீட்டில் ஜாம் காணாமல் போனால் விடுவாரா?

தோசர் பாலைவனச் சோலையில் அவருக்கு ஒரு பேரீச்சந்தோப்பு. நடுவே ஒரே ஒரு ஆப்ரிகாட் மரம். முறைத் தண்ணீருக்கு ஊரோடு சண்டை போட்டு அவர் வளர்த்த மரம். கோடையில் மனைவி மன்னூபியா அந்தப் பழத்தைக் காய்ச்சி அலமாரி நிறைய ஜாடிகளில் அடைப்பாள். குளிர்காலம் வருவதற்குள் அலமாரி துடைத்துவிட்டதுபோல் இருக்கும். போன குளிரில் திஜானி வெறும் ரொட்டியை எண்ணெயில் தொட்டுத் தின்றார். அந்தத் துக்கம் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

கேட்டால், "உங்க வயித்தைக் கேளுங்க" என்பாள் மன்னூபியா.

வயிற்றைக் கேட்டார். அது தெரியாது என்றது. ஆக, வேலியே பயிரை மேய்கிறது. கொல்லர் கெமைஸின் மனைவி சல்ஹா வாரத்துக்கு நாலு தடவை உப்புக் கடன் கேட்டு வருகிறாளே, உப்புக்கு எதற்கு அவ்வளவு பெரிய பாத்திரம்? இந்த வருஷம் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு கட்டினார்.

பழம் பறித்துத் தோப்பிலேயே ஜாம் காய்ச்சுகிற நாளன்று, நெஃப்தாவில் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். தெருமுனை வரை போய், சுவர் இடிந்த பக்கமாகத் தோப்புக்குள் நுழைந்து, ஆப்ரிகாட் மரத்தை ஒட்டிய பேரீச்சையில் விறுவிறுவென்று ஏறினார்.

சத்தமில்லாமல் ஏறினார் என்பதுதான் வினை. பேரீச்சை ஏறுகிற ஆண் எவனும், "ஆள் ஏறுது! ஆள் ஏறுது!" என்று கத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். சுற்றிலும் மதிலுக்குள் பெண்கள் முக்காடில்லாமல் வேலை செய்வார்கள். குரல் கொடுக்காமல் ஏறியவனுக்கு ஊரில் மரியாதை போச்சு, பெண்களின் புருஷர்கள் கையில் எலும்பும் போச்சு. போன வருஷம் அப்படி ஏறிய ஒருவனை நடுத்தெருவில் நிற்கவைத்துக் கிழித்தவர் வேறு யாருமில்லை, திஜானிதான்.

உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்த பிறகுதான் செருப்பை அடியிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது.

மன்னூபியா கூடையோடு வந்தாள். செருப்பைப் பார்த்தாள். எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள். அண்ணாந்து பார்க்கவில்லை. அப்பாடா, பெண்களுக்கு மேலே பார்க்கிற புத்தியே கிடையாது என்று திஜானி சந்தோஷப்பட்டார்.

அவள் மதில் பக்கம் போய்க் குரல் கொடுத்தாள். "சல்ஹா! எல்லாரையும் கூட்டிட்டு வாடி. எங்க வீட்டுக்காரர் ஊர்லயே இல்ல."

அரைத் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். முக்காட்டை எல்லாம் கழற்றி மாதுளைச் செடி மேல் போட்டார்கள். திஜானி கண்ணை இறுக மூடிக்கொண்டார். காதை மூடக் கை மிச்சமில்லை. இருந்த இரண்டும் மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தன. அண்டாவுக்கு அடுப்பு மூட்டினார்கள். புகை நேராக மேலே வந்தது. இருமினால் கெமைஸின் சம்மட்டி. மட்டை முள் இடுப்பில் ஏறியது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

ஜாம் மணத்தபோது சல்ஹா கேட்டாள்: "ஏன் மன்னூபியா, இத்தனை வருஷத்துல எங்க கண்ணுல ஒரு கரண்டிகூடக் காட்டினதில்லையே. இன்னைக்கு என்ன தாராளம்?"

"அவருக்கு உசுருடி இந்த ஜாம். ராத்திரியில பூனை மாதிரி எழுந்துபோய் வழிச்சு நக்குவார். காலையில அவருக்கே ஞாபகம் இருக்காது. பாவம், சாப்பிடட்டும்னு பொத்திப் பொத்தி வெச்சேன். அதுக்கு என்னையே திருடிங்கிறார்."

மேலே திஜானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் விரல் பிசுபிசுப்பது ஏதோ வியாதி என்றல்லவா மருந்து தடவி வந்தார்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஆளுக்கு ரெண்டு ஜாடி எடுத்துக்குங்க. ஒண்ணுகூட மிச்சம் வைக்க வேணாம்" என்றாள் மன்னூபியா.

"உன் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"ஆட்சேபணை இருந்தா சொல்லட்டும், கேட்டுக்கறேன்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தோப்பு அமைதியாக இருந்தது. பேரீச்சை மட்டை மட்டும் லேசாக நடுங்கியது.

பொழுது சாய்ந்து கடைசிப் பெண்ணும் போன பிறகு திஜானி இறங்கினார். சூடு ஆறாத மணலில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து வீடு வந்தால், வாசலில் அவர் செருப்பு கழுவித் துடைத்து ஜோடியாக இருந்தது. உள்ளே தட்டில் வெறும் ரொட்டியும் எண்ணெயும்.

தம்பி சௌக்கியமா என்று கேட்டாள். சௌக்கியம் என்றார். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். மணல்காற்று என்றார். ரொட்டியைப் பிய்த்து நெடுநேரம் மென்றார்.

"மன்னூபியா, இந்த வருஷம் ஜாம்..."

"அத்திப்பழம் பழுத்ததும் உங்களுக்குன்னு தனியா காய்ச்சறேங்க" என்றாள் அவள். "அன்னைக்கும் நெஃப்தா போறதா இருந்தா மட்டும், ஏறுறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்துடுங்க."