அந்தப் பெட்டியில் சாமி இல்லை, மாமா

இல்லை மாமா. வெறும் பெட்டி. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி. மேலே பிளேடால் கீறிய ஒரு வாய். உள்ளே சாமி, தகடு, விபூதி எதுவும் இல்லை. நேற்று போனில் நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் பதில். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

மரியாதைக்குரிய அப்பாதுரை மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் வினோதினி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். அத்தை நலமா? உங்கள் மகள் சிந்துஜா நலமா? (அவளைத் தினமும் ஒன்பதாம் வகுப்பில் பார்க்கிறேன். இருந்தாலும் கேட்பது முறை.) கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை பிடுங்கியாயிற்றா? போனில் நீங்கள்தான் பேசுவீர்கள். காகிதத்தில் எனக்கும் முறை வரும்.

"இன்னாமா சொல்லிக் குடுக்கற அங்க, வயசுப் பசங்கள வெச்சிக்கினு?" என்று கேட்டீர்கள்.

இந்த வருடம் எங்கள் பள்ளியில் உடல்நலமும் பாலியல் கல்வியும் முதன்மைப் பாடம். கணக்கு, அறிவியல் மாதிரி. வாரம் மூன்று வகுப்பு, தேர்வு, மதிப்பெண். யார் எடுப்பது என்று தலைமையாசிரியர் ஆதிமூலம் சார் கேட்டபோது ஆசிரியர்கள் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்திருந்த தலை என்னுடையது ஒன்றுதான். வினோதினி மேடம் தயார் என்று எழுதிக்கொண்டார்.

முதல் வகுப்பு. பலகையில் தலைப்பை எழுதும்போதே சாக்பீஸ் உடைந்தது. தலைப்பை விட்டுவிட்டுச் செம்பருத்திப் பூ வரைந்தேன். மகரந்தம், சூல்பை, வண்டு. அடுத்த வகுப்பிலும் செம்பருத்தி. இரண்டு வாரம் அந்தப் பூவை விட்டு வெளியே வரவில்லை. ஆறாவது பாடவேளையில் ஆர்த்தி என்ற பெண் எழுந்தாள்.

"மிஸ், நாங்க யாரும் பூ இல்லியே?"

அவள் சொன்னது சரி. அதனால்தான் பெட்டி. பெயர் எழுத வேண்டாம், எதை வேண்டுமானாலும் கேட்டுச் சீட்டுப் போடுங்கள் என்றேன். வராந்தாவின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

நான்கு நாள் காலியாகவே இருந்தது. பெட்டிப் பக்கம் போகிறவள் ஏதோ கேட்கப் போகிறாள் என்று ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா, அதற்குப் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள், பௌர்ணமிதோறும் கிரிவலம் நடக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுற்றி வர யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சாப்பாட்டு மணி அடித்ததும் வகுப்பு முழுக்க ஒரே கூட்டமாகக் கிளம்பிக் கட்டடத்தை இடமிருந்து வலமாகச் சுற்ற ஆரம்பித்தது, அந்த நெரிசலில் யார் கை பெட்டிக்குப் போனது என்று கடவுளுக்கும் தெரியாது, மூன்று சுற்றில் பெட்டி நிறைந்தது, ஆதிமூலம் சார் மாடியிலிருந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கி, பௌர்ணமிக்கு முன்னால் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பக்தியா என்று படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார், மறுநாள் முதல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை வேறு, அதைப் பார்த்து மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பச்சையம்மாள் என்ற அம்மா பெட்டிக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றி, என் பிள்ளை கணக்கில் தேறவேண்டும் என்று ஒரு சீட்டும் எழுதிப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை சீட்டுகளைப் பிரித்தேன். மீசை எப்போது வரும். உடைந்த குரல் எப்போது சரியாகும். என் பிள்ளை கணக்கில் தேறவேண்டும். மூன்றாவதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

பெட்டி எதற்கு என்று பச்சையம்மாளின் மகன் வீட்டில் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா நேராகப் பள்ளி வாசலுக்கு வந்தார்.

"போயும் போயும் இதுக்கா நான் கற்பூரம் ஏத்தனேன்?"

அழுதுவிட்டார். அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. அதற்குள் வாட்ஸப் குழுவில் வாழ்த்தெல்லாம் வசவாகிவிட்டது. பெற்றோர் சங்கத் தலைவர் நீங்கள். வெள்ளிக்கிழமை கூட்டம். பாடத்தை நிறுத்துவதா வேண்டாமா என்பது ஒன்றுதான் பேச்சு.

மாமா, நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். தூக்கம் இல்லை. போன ஞாயிறு போளூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா என்னை ஓவிய ஆசிரியை என்று சொல்லிவிட்டாள். போகும்போது ஒரு மயில் வரைந்து தரச் சொன்னார்கள். வரைந்தேன். கோழியாக வந்தது. இன்னும் பதில் வரவில்லை. எனக்கு ஆறாம் வகுப்பு அறிவியல் போதும். அதிலும் செம்பருத்தி உண்டு, யாரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். தலைவர் என்ற முறையில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி குறையவும் இந்த முறை மழை நேரத்துக்கு வரவும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஆசி எனக்கு வேண்டும்.

பணிவுடன்,
வினோதினி

பி.கு. மேலே கேட்டதை விட்டுவிடுங்கள்.

உறையில் போடுவதற்கு முன் பெட்டியைக் கடைசியாக ஒரு தடவை திறந்தேன். ஒரே ஒரு சீட்டு. இடது கையால் எழுதியிருக்கிறாள், கையெழுத்துத் தெரியாமலிருக்க.

'மிஸ், எல்லாரும் வயசுக்கு வந்துட்டாங்க, சடங்கும் ஆயிடுச்சு. எனக்கு மட்டும் இன்னும் வரல. அம்மா மாசா மாசம் கேக்கறாங்க. நான் பொண்ணு இல்லியா?'

எனக்கு வந்த அன்று செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன், மாமா. தனியாக உட்காரவைத்தார்கள். என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. தாய்மாமன் நீங்கள் சீர்வரிசையோடு வந்தீர்கள். பஸ் நிறுத்தத்தில் பன்னிரண்டு அடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தீர்கள். கூலிங் கிளாஸ் போட்டு நடுவில் நீங்கள், மூலையில் நான். அந்த வழியாகப் போன பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. என்னவென்று எனக்கு மட்டும் தெரியவில்லை. அப்போது யாரும் உங்களிடம் வயசுப் பசங்கள் பார்க்கிறார்களே என்று கேட்கவில்லை.

சீட்டு யாருடையது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் போவதில்லை. வகுப்பில் இருபத்தெட்டுப் பெண்கள். சிந்துஜா அதில் ஒருத்தி. அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை நிறுத்தச் சொல்லி எழுகிறவர், முதலில் இந்தச் சீட்டுக்குப் பதில் சொல்லட்டும். அது நீங்களாக இருந்தாலும்.

இதற்குள் மணி அடித்துவிட்டது. கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன்; திரும்பி வந்துதான் இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் ஒரே வயதில் வராது என்று பலகையில் எழுதினேன். பதினைந்து வயதுவரை காத்திருக்கலாம், அதன் பிறகும் வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டினால் போதும், அதனால் யாரும் பெண் இல்லாமல் போய்விடுவதில்லை என்று சொன்னேன். யார் முகத்தையும் தனியாகப் பார்க்கவில்லை. பூ எதுவும் வரையவில்லை.