விளக்குகள் கூடிப்போனதற்கு விளக்கம்

கார்மேலோ,
ஈஸ்டர் வாரம் கழிந்த புதன்கிழமை

அன்பு மகள் லீபியாவுக்கு அப்பா அன்செல்மோ ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம். என் முழங்கால் சுகமில்லை, ஆனால் அது தனிக் கடிதமாக எழுத வேண்டிய விஷயம். மொந்தெவிதேயோவில் நீயும் உன் அலுவலகமும் பால்கனிச் செடிகளும் நலமாக இருக்க வேண்டும். தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். தொலைபேசியில் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் பேசப் பேசத் திருத்துவாள். அதுவுமில்லாமல், ஆயுள் முழுக்க ஊரார் கடிதங்களைத் தபால் நிலையத்தில் வகை பிரித்து அடுக்கியவன், சொந்தமாக ஒன்றாவது போட வேண்டாமா?

விஷயம் இதுதான். சனிக்கிழமை நீ வரும்போது வாசலிலேயே அதிர்ந்து நின்றுவிடக் கூடாது. நீ வரைந்து கட்டிக்கொடுத்த இந்தச் சின்ன வீட்டின் விளக்குகளை நான் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கொஞ்சம் என்ற சொல்லை நீ தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

உன் திட்டத்தில் நான் குறை சொல்லவே மாட்டேன். "வெளிச்சம் தெரியணும்ப்பா, விளக்கு தெரியக் கூடாது" என்று நீ சொன்னபடியே கூரையோரத்தில் ஒளிந்திருக்கும் மஞ்சள் விளக்குப்பட்டை, சாப்பாட்டு மேசைமேல் தாழ்வாக ஒன்று, சுவரோடு சுவராகச் சேர்ந்துவிட்ட சுவிட்சுகள், தோட்டத்தில் ஒன்றுமே கிடையாது, ஏனென்றால் இருட்டும் வீட்டின் ஒரு பகுதி என்றாய், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வருகிறவர்கள் தேவாலயத்துக்குள் நுழைந்தவர்கள்போலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், பக்கத்து வீட்டு துல்சியோ மட்டும் நமக்குக் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மெழுகுவத்தி எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவனுக்கு ரசனை கிடையாது, விடு.

பிறகு ஏன் மாற்றினேன் என்றால், இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள், அதனால் நான் இதை உனக்குச் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன். பிப்ரவரியில், கோடை முடிகிற சமயத்தில், அம்மா பொழுது சாய்ந்ததும் படுக்கப் போக ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீட்டாட்டத்துக்குப் போவதில்லை, தோட்டத்தில் உட்கார்ந்து என்னோடு மாத்தே டீ குடிப்பதில்லை, கேட்டால் குளிர் என்பாள், வெளியே விசிறி போட்டாலும் வேர்க்கிற காலம். ஒருநாள் கூடத்திலிருந்து சமையலறைக்கு இறங்குகிற இரண்டு படி இருக்கிறதே, நீ தரையும் படியும் ஒரே சாம்பல் நிறத்தில் போட்டிருக்கிறாயே, அதில் தட்டோடு உருண்டாள். அடி ஒன்றும் இல்லை, பயப்படாதே, தட்டுதான் போயிற்று. தரையில் உட்கார்ந்தபடி, படியை எவன் நகர்த்திவைத்தது என்று என்னையே திட்டினாள். அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். பகலில் பார்வைக்குக் குறைவில்லை, வெளிச்சம் மங்கினால்தான் இவருக்கு ஒன்றும் தெரிவதில்லை, இது போகப் போக அதிகமாகும், வீட்டை நன்றாக வெளிச்சமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "லீபியாகிட்ட சொல்லாதே கெழவா. அவ ஆசை ஆசையா வரைஞ்ச வீடு. என் கண்ணுக்காக அதைக் கெடுக்க வேண்டாம்," என்றாள்.

நான் தலையாட்டினேன். மறுநாளே கடைக்குப் போனேன்.

முதலில் படிகளின் ஓரத்தில் விளக்குப்பட்டை ஒட்டினேன், தலைகீழாக ஒட்டியதால் அது படியை விட்டுவிட்டு என் முகத்தில் அடித்தது, மறுபடி பிய்த்து ஒட்டினேன், பிய்த்த இடத்தில் உன் சாம்பல் பூச்சு கொஞ்சம் கையோடு வந்துவிட்டது. சுவிட்சுகளைச் சுற்றி அம்மாவின் சிவப்பு நகப்பூச்சால் கோடு இழுத்தேன், அது இப்போது எல்லாச் சுவரும் உதட்டுச் சாயம் பூசியதுபோல இருக்கிறது, பார்த்துச் சிரிக்காதே. வெளியே, ஆள் நடந்தால் தானே எரிகிற விளக்கு ஒன்றை மாட்டினேன், ஆனால் அது ஆளைவிட துல்சியோவின் பூனையைத்தான் அதிகம் மதிக்கிறது, பூனை மதில்மேல் போகும்போதெல்லாம் துல்சியோவின் படுக்கையறை பட்டப்பகலாகிவிடுகிறது, அவன் வந்து என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசினான், துல்சியோ மரியாதையாகப் பேசினால் எவ்வளவு கோபத்தில் இருக்கிறான் என்று உனக்குத் தெரியும். விளக்கைத் திருப்பி வைத்தேன். அப்புறம் கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் பாதையோரம் குட்டி விளக்குகள் நட்டேன். அதுவும் போதாதென்று பட்டு, படகுக் கழகத்தில் திருவிழா முடிந்து மூலையில் கிடந்த பல்புச் சரத்தைக் கேட்டு வாங்கி வந்து, ஆரஞ்சு மரத்திலிருந்து தாழ்வாரம் வரை கட்டினேன். இத்தனைக்கும் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயசாக ஆக இருட்டுக்குப் பயம் என்று சொல்லிவைத்திருந்தேன். பாவம், நம்பிவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமைதான் எல்லாவற்றையும் முதல்முறையாக ஒன்றாகப் போட்டேன். ஈஸ்டர் விடுமுறைக்கு ஆற்றைக் கடந்து அர்ஜென்டினாக்காரர்கள் ஊர் நிறைய வந்திருந்தார்கள். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் ஒரு புருஷன், பெண்டாட்டி, அவர்களோடு ஒரு வயதான அம்மாள், கேட்டைத் திறந்துகொண்டு நேராக வந்து தாழ்வார மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கு என்னங்க இருக்கு?" என்று கேட்டார். ஓட்டல் என்று நினைத்துவிட்டார்கள், லீபியா. நான் இறங்கிப் போய் விஷயத்தைச் சொல்லலாம் என்றால் முழங்கால் ஏணியில் மாட்டிக்கொண்டது.

அதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். இருட்டிய பிறகு எத்தனையோ நாளாக வாசலைத் தாண்டாதவள். அவர்களைப் பார்த்தாள், அந்த வயதான அம்மாள் குளிரில் சால்வையை இழுத்துவிட்டுக்கொள்வதைப் பார்த்தாள். "இன்னைக்கு ஒரே ஒரு ஐட்டம்தான். பருப்புக் குழம்பு. பரவாயில்லையா?" என்று கேட்டாள். உள்ளே போய், அந்தப் பாழாய்ப் போன இரண்டு படியையும் ஏறி இறங்கி, ஆவி பறக்கிற தட்டுகளோடு வந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. காலால் தடவிப் பார்க்கவில்லை. புதுசாகக் கல்யாணமான காலத்தில் நடப்பாளே, அப்படி நேராக நடந்தாள். நான் ஏணிமேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கத் தோன்றவில்லை.

அவர்கள் இரண்டாம் முறையும் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்கள். பணம் கொடுக்க வந்தபோது அம்மா வாங்கவில்லை. கடைக்கு என்ன பெயர் என்று அந்த வயதான அம்மாள் கேட்டாள். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "லீபியா," என்றாள். "எம் பொண்ணு கட்டினது."

ஆகவே மகளே, நீ சனிக்கிழமை வந்து இந்தக் கண்றாவியைப் பார்த்ததும் என்னைத் திட்டு, சத்தமாகவே திட்டு, அப்பாவுக்கு ரசனை இல்லை என்று சொல், நான் தலைகுனிந்து நிற்கிறேன். ஆனால் ஒரு பல்பையும் கழற்றாதே. அம்மாவின் கண்ணைப் பற்றி உனக்குத் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. அது அவளுக்குத் தாங்காது.

கர்த்தர் உன் வழியெல்லாம் துணையிருக்கட்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வா, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. துல்சியோ விசாரித்ததாக எழுதச் சொன்னான், பூனை விஷயம் தவிர.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
அன்செல்மோ

பி.கு.: மடித்து உறையில் வைக்கும்போது அம்மா வந்துவிட்டாள். யாருக்கு என்றாள். மின்சாரக் கம்பெனிக்குப் புகார் என்றேன். மின்சாரக் கம்பெனியையா அன்பு மகளே என்று கூப்பிடுகிறாய் என்று பிடுங்கிக்கொண்டு, மேசை விளக்கடியில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு சொல்கிறாள்: "அவளுக்கு எல்லாம் தெரியும், கெழவா. அன்னைக்கு உன்கிட்ட சொல்லாதேன்னேன், மறுநாள் என்னாலயே இருக்க முடியல, நானே ஃபோன்ல சொல்லிட்டேன்." விளக்குகளுக்குப் புதுத் திட்டம்கூட வரைந்து முடித்துவிட்டாயாமே, சனிக்கிழமை கையோடு கொண்டுவருகிறாயாமே! எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் விசிலடித்துக்கொண்டே விளக்கு மாட்டுகிறேன், அதைக் கெடுக்க வேண்டாம் என்று நீதான் சொன்னாயாம். ஆகவே மேலே எழுதியது எதுவும் தேவையில்லை, கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். அம்மா விடவில்லை. "தட்டோட நான் நடந்ததை அவ பாக்கலையே, அதுக்காகவாவது அனுப்பு," என்கிறாள். தெருமுனைத் தபால்பெட்டிக்கு அவளும் வருகிறாளாம். பொழுது சாய்ந்துவிட்டது, தெருவில் நான் இன்னும் விளக்கு எதுவும் போடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு போய்வருகிறோம்.