ஒரு நாள் அறிவித்தல்

திங்கட்கிழமை காலை கணேஸ்வரன் தேநீரைக் கையில் எடுத்த நேரம், வின்ஸ்டன் குளியலறையில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான் என்று செய்தி வந்தது. எட்மண்டன் கூடைப்பந்துக் கழகத்தின் மிக உயரமான ஆட்டக்காரன் அவன். ஆறு வாரம் ஓய்வு.

சனிக்கிழமை குரொய்டன் அணியோடு ஆட்டம். லீக் பட்டியலில் குரொய்டன் கடைசி, எட்மண்டன் அதற்கு ஒரு படி மேலே. குரொய்டனிடமும் தோற்றால் கழகத்தை மூடிவிட்டு மண்டபத்தைப் பட்மின்டன்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி இராஜேந்திரன் சொல்லியிருந்தார்.

"இப்ப என்ன செய்யிறது அண்ணை?" என்று கேட்டாள் அலுவலகத்தில் வேலை செய்யும் வசந்தமலர்.

"ஏன் பதறுறீர்? ஒப்பந்தம் எழுதினது ஆர்?"

இருபது வருடம் ஒரு சொலிசிட்டரிடம் வேலை பார்த்துவிட்டுக் கழகத்துக்கு மனேஜராக வந்தவர் கணேஸ்வரன். பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டம் நடக்கும்போது நெஞ்சு படபடக்கும் என்பதால் வெளியே நடைபாதையிலேயே நிற்பார். ஆனால் அவர் எழுதிய ஒப்பந்தங்களில் ஒரு நாள் அறிவித்தலில் யாரையும் விலக்கலாம். ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தபோது, ஆளுக்கொரு சின்னச் சலுகையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

கழகத்தின் ஆட்டக்காரர் பட்டியலில் பத்துப் பேருக்குத்தான் இடம். காயப்பட்டவனை விலக்க லீக் விடாது. எனவே ஆட இறங்காமல் எப்போதும் ஓரத்து வாங்கிலேயே உட்கார்ந்திருக்கும் டெக்ஸ்டரை விலக்கிவிட்டு, ஏஜென்ட் பெனடிக்ற்றுக்குப் போன் போட்டார்.

"ஆறடி ஒன்பது அங்குலத்தில ஒருத்தன் இருக்கிறான் அண்ணை. இந்தக் கிழமையே வருவான்."

"எங்க விளையாடினவன்?"

"உயரம் வேணுமோ, ஊர் வேணுமோ?"

கணேஸ்வரனுக்கு உயரம்தான் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கப்டன் வந்து ஒப்பந்தத்தை மேசையில் வைத்தான். பயிற்சிக்கு அவனைக் காரில் கூட்டிவருவது கழகத்தின் பொறுப்பு, தவறினால் அவன் விலகலாம் என்று அதில் இருந்தது. இத்தனை நாளும் அவனைக் கூட்டிவந்தது டெக்ஸ்டரின் கார்.

"நான் கூட்டிக்கொண்டு வாறன்," என்றார் கணேஸ்வரன். அவர் கார் ஓட்டுவதை ஒருமுறை பார்த்திருந்த கப்டன் விலகிவிட்டான்.

கப்டன் போனால் தாங்களும் போகலாம் என்று வேறு மூன்று பேரின் ஒப்பந்தங்களில் இருந்தது. எழுதும்போது அது நல்லெண்ணமாகத் தோன்றியிருந்தது.

"நாலு பேர் வேணும்," என்றார் பெனடிக்ற்றிடம்.

"நாலு பேரும் இருக்கினம். ஆனா புதுசா வாற நெட்டையன், தன்ர கூட்டாளிமார் இல்லாமல் விளையாட மாட்டானாம்."

"எத்தினை கூட்டாளிமார்?"

"அதுவும் நாலு."

புதன்கிழமை மிச்சமிருந்த நாலு பேருக்கும் விலக்கல் கடிதம் போனது.

"ஒருத்தரும் மிஞ்சேல்லையே அண்ணை," என்றாள் வசந்தமலர்.

"வின்ஸ்டன் இருக்கிறான்தானே."

வெள்ளிக்கிழமை புதியவர்கள் ஒன்பது பேரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்தார்கள், முதுகில் தட்டிக்கொண்டார்கள். ஒரே நாளில் இவ்வளவு ஒற்றுமையா என்று கணேஸ்வரனுக்குக் கண் கலங்கியது. இராஜேந்திரனுக்குப் போன் எடுத்து, "பட்மின்டன்காரரை வேற இடம் பாக்கச் சொல்லுங்கோ," என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் வழக்கம்போல நடைபாதையில் நின்றார். குரொய்டன்காரரின் அறைக்குத் தண்ணீர்ப் போத்தல்கள் கொண்டுபோன வசந்தமலர் வெறுங்கையோடு திரும்பிவந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்ன, அங்கால ஆக்கள் பெரிய ஆக்களோ?"

"பெனடிக்ற் அங்கால குடுத்திருக்கிறது எங்கட பழைய ஆக்களை அண்ணை, இஞ்சால தந்திருக்கிறது அவையின்ர ஆக்களை, ரெண்டு பக்கமும் உடுப்பை மாத்தியிருந்தாலே போதும்."