மாப்பிள்ளையின் வண்டியை நான் தினமும் எழுப்பிய கதை

சேசு, மரி, சூசை துணை

மான்மவுத் ஜங்ஷன்,
பிப்ரவரி 22.

மதிப்பும் பாசமும் நிறைந்த மாப்பிள்ளை ஜாக்சன் அவர்களுக்கு, மாமனார் மரிய அந்தோணி எழுதிக்கொள்வது.

இங்கு நான், உங்கள் அத்தை ஜோசபின், மகள் ஜெபினா மூவரும் நலம். வண்டியும் நலம் என்று அதே வரியில் எழுதிவிடத்தான் ஆசைப்பட்டேன், பேனா ஓடவில்லை. சான் ரமோனில் வேலை எப்படிப் போகிறது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நீங்கள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று ஜெபினா சொன்னாள். மெதுவாகவே படியுங்கள், கோபம் வர அந்த அளவுக்காவது தாமதமாகும். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாம் ஃபோனில் பேசியதெல்லாம் 'சாப்பிட்டீங்களா அங்கிள்', 'சாப்பிட்டேன் மாப்பிள்ளை, ஜெபினாகிட்ட குடுக்கட்டுமா' என்ற அளவில்தான். அதற்கு நடுவில் இந்த விஷயத்தை எங்கே செருகுவது?

விஷயம் இதுதான். ஜனவரியில் மூன்று மாத வேலைக்குக் கிளம்பும்போது உங்கள் ஸ்போர்ட்ஸ் காரைக் கராஜில் தூங்க வைத்து, சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனீர்கள். புது ஆயில் ஊற்றியாச்சு, டாங்க் நிறையப் பெட்ரோல், அது கெட்டுப்போகாமலிருக்க அதில் ஒரு பாட்டில் மருந்து, பேட்டரிக்குச் சின்ன சார்ஜர், எலி புகாமலிருக்கச் சைலன்சர் குழாய் நான்கிலும் கம்பி நார், எல்லாவற்றுக்கும் மேலே போர்வை. பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கிறவர்கள்கூட இவ்வளவு செய்வதில்லை. கடைசி வரியில், 'அங்கிள், ப்ளீஸ், வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று இருந்தது. நம் பக்கத்தில் மாப்பிள்ளை வேண்டாம் என்றால் சரி என்று கேட்டுக்கொண்டு போகிற மாமனார் உண்டா? மறுவீட்டுக்கு வந்தபோது நெய்மீன் குழம்பு வேண்டாம், போதும் என்று கையால் இலையை மறைத்தீர்கள். உங்கள் அத்தை கையை விலக்கிவிட்டு இன்னும் இரண்டு துண்டு வைத்தாள், நீங்களும் சாப்பிட்டீர்கள். அடுத்த மூன்று நாள் நீங்கள் கஞ்சியிலேயே காலம் தள்ளியது எங்களுக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. ஆகவே இதுவும் மரியாதைக்காக எழுதியதுதான், மாமனாருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று நினைக்கிறார், உள்ளுக்குள் ஆசை இருக்கும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். முப்பத்து நாலு வருஷம் நாகர்கோவில் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன் நான். காலையில் முதல் வேலையே பஸ்ஸையெல்லாம் ஸ்டார்ட் பண்ணி விடுவதுதான்.

முதல் நாள் கராஜ் கதவைத் திறந்துவைத்துவிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன், அந்த அளவுக்கு அறிவு இருக்கிறது. கம்பி நாரைத்தான் மறந்துவிட்டேன். டிப்போ பழக்கத்தில் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தேன் பாருங்கள், நாலு குழாயிலிருந்தும் நாலு உருண்டை பறந்தது, பக்கத்து வீட்டு சாய்ராம் ஆஃபீஸ் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, மேலே கோட்டும் கீழே லுங்கியுமாகப் பனியில் ஓடிவந்து என்ன வெடித்தது என்று கேட்டார். ஒன்றும் வெடிக்கவில்லை, எங்கள் மாப்பிள்ளை வண்டி என்று பெருமையாகச் சொன்னேன். அந்த உருண்டைகளை உங்கள் அத்தை பொறுக்கிக்கொண்டுபோய் நன்றாகத் தேய்க்கிறதே என்று ஒரு வாரம் குக்கர் விளக்கினாள். அன்றுமுதல் தினமும் காலையில் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பேன். திறந்த கதவு வழியாக நியூ ஜெர்சிக் குளிர் முழுக்க வீட்டுக்குள் வந்துவிடும், கராஜுக்கு மேல் அறையில் உங்கள் அத்தை இரண்டு ஸ்வெட்டரோடு கம்பளிக்குள்ளே ஜெபமாலை சொல்வாள், என்ன வேண்டுதலுக்காகச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே காப்பியில் பால் விட்ட மாதிரி நுரை. மாப்பிள்ளை, ஆயிலில் தண்ணீர் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், டிப்போவில் எத்தனை எஞ்சினை அதற்காகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை ஆசை ஆசையாக வாங்கிய வண்டியின் எஞ்சினை நானே கொன்றுவிட்டேன், இனி எந்த முகத்தோடு இந்த வீட்டில் சாப்பிடுவது என்று கராஜிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெபினாதான் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து உங்கள் சிநேகிதர் சுப்பையனை வரவழைத்தாள். அவர் குனிந்து, முகர்ந்து, சிரித்தார். இந்தக் குளிரில் ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் சூடே ஏறாதாம். எரிந்த பெட்ரோலின் ஆவி உள்ளேயே தண்ணீராகித் தங்கிவிடுமாம், நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அது வெளியே போகுமாம். பிறகு ஒன்று சொன்னார்.

"அங்கிள், டிப்போல ஸ்டார்ட் பண்ண பஸ் அப்புறம் ரூட்டுக்குப் போயிடும். நீங்க இதை டெய்லி எழுப்பி, எங்கயும் அனுப்பாம திரும்பப் படுக்க வச்சிருக்கீங்க."

முப்பத்து நாலு வருஷத்தில் எனக்குத் தோன்றாத விஷயம். நல்ல வேளையாக எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுப்பையன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினார், குழாயில் புது நார் வைத்தார், போர்வையும் போர்த்தியாகிவிட்டது. நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. சாவியை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டேன், அவள் எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாள். இனி நீங்கள் ஏப்ரலில் வரும்வரை அந்த வண்டியை நான் தொடமாட்டேன், இது பதுவை அந்தோணியார்மேல் சத்தியம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் கம்மி என்று காது மூடாமல் திரிய வேண்டாம். எங்கள் ஆசீரும், உங்கள் அத்தையின் செபமும், கொஞ்ச நாளாக என்னோடு பேசாத ஜெபினாவின் அன்பும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
மரிய அந்தோணி

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது உங்கள் ஃபோன் வந்துவிட்டது. சுப்பையன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். நீங்கள் திட்டுவீர்கள் என்று நின்றுகொண்டே பேசினேன். நீங்களோ, "மாமா, அந்தச் சத்தம் கேட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்றீங்களா?" என்றீர்கள். ஆறு வருஷம் அங்கிளாக இருந்தவனை மாமா என்று கூப்பிட்டால் சத்தியமெல்லாம் எப்படி நிற்கும்? அத்தை அரிசி டப்பாவிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். இந்தத் தடவை சார்ஜரைக் கழற்றி, நாரையும் எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தோம். சூடேறாமல் அணைக்கக் கூடாதே, அதனால் ஜெபினா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனை ஜன்னலோரம் பிடித்துக்கொள்ள, பனி உருகக் கொட்டும் உப்பு வண்டியை அரிக்குமென்று, உப்பில்லாத காய்ந்த ரோடாகப் பார்த்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்வரை போய்வந்தோம். ஐம்பது நிமிஷம் நீங்கள் லைனிலேயே இருந்தீர்கள். நாம் இருவரும் ஃபோனில் இவ்வளவு நேரம் இருந்ததே இல்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆகவே மேலே மன்னிப்புக் கேட்ட பகுதியை அடித்துவிட்டுப் படிக்கவும். சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பதினொரு மணிக்கு ஃபோன் பண்ணுகிறேன், எடுங்கள்.