ஓரத்துத் துண்டு

பன்னிரண்டு நோயாளிகளின் கட்டிகளும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வளைந்திருப்பதை டாக்டர் கோரின் ஹால்வர்சன் கவனித்தபோது, கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பி நான்கு நாள் ஆகியிருந்தது.

இமையில் வரும் சாதுவான வேர்வைச் சுரப்பிக் கட்டிகள் அவை. பெண் ஹார்மோனைப் பற்றும் ஏற்பிகள் இருந்தால் சாயம் பழுப்பாகப் பிடிக்கும். பன்னிரண்டிலும் பிடித்ததாக எழுதியிருந்தாள்.

சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்க, கட்டாயம் பழுப்பாகிற ஒரு சோதனைத் துண்டையும் (வழக்கமாக மார்பகத் திசு) ஒவ்வொரு கண்ணாடி ஸ்லைடின் ஓரத்திலும் ஒட்டுவார்கள். அவள் முன்பு வேலை பார்த்த ஃபார்கோவில் அது கீழ் ஓரத்தில் இருக்கும். இந்த டுலூத் ஆய்வகத்தில் மேல் ஓரத்தில். பன்னிரண்டு முறையும் அவள் பார்த்தது அதைத்தான். நிஜக் கட்டிகளில் துளிப் பழுப்பு இல்லை.

காது மடல் வரை சுட்டது. வேலை நிரந்தரமாவதே இந்தக் கட்டுரையை நம்பித்தான்.

தலைமை மருத்துவர் லைல் பெர்க்ஸ்ட்ராம் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"மைக்ராஸ்கோப் லைட்டு சரியில்ல டாக்டர். இன்னொரு தடவ பாக்கணும்."

"என்னுதுல வச்சுப் பாரு. கொண்டா இப்படி!"

முதல் ஸ்லைடை வைத்தார். அவர் கண்ணும் அதே துண்டில்தான் போய் விழுந்தது. "அடேயப்பா! வேர்வைக் கட்டின்னா இதுதான் வேர்வைக் கட்டி! மத்தியானம் எல்லாரையும் கூப்பிடறேன். திரையில போட்டுக் காட்டு."

அவர் நகர்ந்ததும் கோரின் ஸ்லைடுகளைச் சாப்பாட்டுப் பையில், டூனா மீன் சாண்ட்விச்சுக்கு அடியில் ஒளித்தாள். அரை மணியில் ஆய்வகமே தேடியது. சாயம் போடும் நோரீன், ஐம்பத்தெட்டு வயதில், மேசைக்கடியில் தவழ்ந்தாள்.

அதற்கு மேல் கோரினால் தாங்க முடியவில்லை. இருபது பேர் கூடியிருந்த அறையில் பையைத் திறந்தாள்.

"நான்தான் ஒளிச்சு வச்சேன். நான் கட்டின்னு எழுதினது கட்டியே இல்ல. ஓரத்துல ஒட்டற மார்பகத் துண்டு. மன்னிச்சிடுங்க."

டூனா வாசனையோடு ஸ்லைடு திரைக்கு ஏறியது. லைல் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"மார்பகமேதான்! முதல் வருஷப் பொண்ணுகூடச் சொல்லிடுமே! கண்ணிருக்கறவங்க யாராவது இதப் போயி வேர்வைக் கட்டிம்பாங்களா? இந்தக் கண்ண வச்சுக்கிட்டு உனக்கு நிரந்தர வேலை வேற?"

அவமானத்தில் கோரின் தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நோரீன் முழங்கால் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "மார்பகத் துண்டு தீந்து ஒரு வருஷமாச்சு லைல். இது உங்க இமையில வெட்டி எடுத்த வேர்வைக் கட்டி. நம்மகிட்ட அதவிட நல்லாப் பழுப்பாகறது வேற எதுவுமே இல்ல."