கம்ப்யூட்டருக்கு வந்த மெமோ

பிரான்சிஸ் கொத்தனாருக்கு அரசாங்கத்திடமிருந்து வேண்டியது ஒரே ஒரு காகிதம். அவர் பரம்பரையில் இதுவரை ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்று முத்திரை குத்திச் சொல்கிற முதல் பட்டதாரிச் சான்று. அதைத் திங்கட்கிழமை காலை விழுப்புரத்துக் கல்லூரியில் காட்டினால் மகள் மலர்விழிக்குக் கட்டணச் சலுகை. காட்டாவிட்டால் முழுக் கட்டணம். முழுக் கட்டணம் என்றால் படிப்பு இல்லை. அம்மாவோடு கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான். தான் படிக்காமல் போனதை ஒரு சாதனையாக பிரான்சிஸ் அதுவரை நினைத்ததில்லை. அதற்கும் அரசாங்கம் சான்று தரும் என்று தெரிந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை காலை திண்டிவனம் சான்றுகள் சரிபார்ப்புத் துணை அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டரின் தலைமீது பூத்துண்டு போர்த்தியிருந்தது.

"கம்ப்யூட்டர் சஸ்பெண்டு," என்றார் எழுத்தர் அம்சவள்ளி, தாழ்ந்த குரலில்.

"ரிப்பேருங்களா மேடம்?"

"ரிப்பேர்னா ரிப்பேர்னு சொல்ல மாட்டனா? சஸ்பெண்டு. மெதுவா பேசுங்க, அது கேட்டுக்கினு இருக்குது."

நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்ததில் பிரான்சிஸ் திரட்டிய வரலாறு இது. அந்தக் கம்ப்யூட்டரில் இணையப் பக்கத்தைத் திறந்தால் மேலே பதினோரு டூல்பார்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பட்டை பட்டையாகத் தொங்கும். ஒன்று ராசிபலன் சொல்லும். ஒன்று வானிலை சொல்லும். ஒன்று, மற்ற டூல்பார்களையெல்லாம் நீக்கித் தருவதாக மூன்று வருஷமாக வாக்களித்துக்கொண்டிருக்கும். இவற்றுக்கெல்லாம் கீழே இரண்டு விரற்கடை இடம் மிஞ்சும். பொதுமக்கள் சேவை முழுவதும் அந்த இரண்டு விரற்கடைக்குள்தான் நடந்துவந்தது.

டூல்பார்களை யாரும் கூப்பிடவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீசில் அம்சவள்ளி கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி, கீழே இடமிருந்தால் சுருக்கொப்பம் போட்டு மேஜையைவிட்டு அனுப்பிவிட வேண்டும். திரையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பெட்டி வந்தால் அதையும் கோப்பாகவே கருதி அனுப்பிவைத்தார். பதினோரு முறை.

அதுவரை யாருக்கும் இடைஞ்சல் இல்லை. போன மாதம் கண்காணிப்பாளர் சீனுவாசன் முதுகுவலி என்று மருத்துவ விடுப்பு எடுத்தார். விடுப்பு முடிந்து வந்த வாரம் விழுப்புரத்திலிருந்து மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். அவர் கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்ததும் எட்டாவது டூல்பார் பளிச்சென்று ஒளிர்ந்து, 'ஏற்காடு உங்களை மறுபடி அழைக்கிறது! ஜோடிகளுக்குத் தள்ளுபடி!' என்றது. மேலதிகாரி சீனுவாசனைப் பார்த்தார். சீனுவாசன் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அலுவலகத்தில் தனியுரிமைப் பாதுகாப்பு அமலுக்கு வந்தது. 'கம்ப்யூட்டர் முன்பு சொந்த விஷயம் பேசாதீர்' என்று சுவரில் ஒட்டினார்கள். மாலை வடை மட்டும் வழக்கம்போல யாரோ ஒருவருடைய ஆதார் நகலில்தான் வந்தது. அலுவலக ரகசியத்தை வெளியிட்ட குற்றத்துக்காகக் கம்ப்யூட்டருக்கு 17(பி) மெமோ தயாரானது. 'தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் அளிக்கவும்.' அதைக் கம்ப்யூட்டர் முன்னால் வைத்து அம்சவள்ளி வாசித்தும் காட்டினார். விளக்கம் வரவில்லை. திமிர் என்று கருதி, விசாரணை முடியும்வரை சஸ்பெண்டு செய்தார்கள்.

வியாழக்கிழமை பிரான்சிஸ் கண்காணிப்பாளரிடமே போய் நின்றார்.

"சார், விழுப்புரத்துல கம்ப்யூட்டர் மெக்கானிக்கு கீறாரு. எனக்குத் தெரிஞ்சவரு. நானே தூக்கிக்கினு போயி அந்தப் பட்டையெல்லாம் எடுத்துக்கினு வந்துர்றேன்."

"ஏம்பா, சஸ்பென்ஷன்ல இருக்கறவங்க தலைமையிடத்தை விட்டு வெளிய போகக் கூடாது. ரூல் தெரியுமா உனக்கு?"

"அப்ப மெக்கானிக்க இங்க வரச் சொல்றேன் சார்."

"விசாரணை நடக்கும்போது வெளியாள் சாட்சியத்தைக் கலைக்கறதா?"

"உள்ள லைட்டு எரியுதே சார்?"

"எரியத்தான் செய்யும். சஸ்பென்ஷன்ல இருந்தா பாதிச் சம்பளம் பிழைப்பூதியம் உண்டு. அது சம்பளமா வாங்குது? கரண்டுதான். அதனால பாதி நாள் கரண்டு. பத்து மணிக்குப் போடுவோம், ஒண்ணரைக்கு நிறுத்துவோம். நாங்க இன்னா மனுசத்தன்மை இல்லாதவங்களா?"

பிரான்சிஸ் துண்டை விலக்கி எட்டிப் பார்த்தார். 'அப்டேட் நடைபெறுகிறது. 46 சதவீதம். தயவுசெய்து அணைக்காதீர்கள்' என்றிருந்தது. தினமும் பத்து மணிக்கு அது சைபரிலிருந்து தொடங்கும். ஐம்பதைத் தொடுவதற்குள் பிழைப்பூதியம் முடிந்துவிடும். மறுநாள் மறுபடி சைபர். அவர் கண்ணெதிரே கண்காணிப்பாளர் எழுந்து வந்து, விதிப்படி ஒண்ணரைக்கு சுவிட்சை அணைத்தார்.

பிரான்சிசுக்கு அழுகை வராத குறை. திங்கட்கிழமைக்கு நடுவே இருப்பது ஒரே ஒரு வேலை நாள்.

"இதுக்கு வழியே இல்லையா மேடம்?"

அம்சவள்ளி இரக்க சுபாவம் உள்ளவர். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒண்ணு கீது. விளக்கம் வந்துட்டா சஸ்பென்ஷன ரத்து பண்ணலாம். அதால எழுத முடியாது. குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு ஒரு உதவியாளர் வெச்சிக்கலாம்னு ரூல் சொல்லுது. நாங்கல்லாம் எதிர்த்தரப்பு சாட்சி. நீங்க வேணா..."

பிரான்சிஸ் யோசிக்கவே இல்லை. கம்ப்யூட்டருக்காகத் தன் கையாலேயே எழுதினார்: 'ஐயா, நான் செய்தது தப்பு. இனிமேல் ஏற்காடு பற்றி யாரிடமும் சொல்ல மாட்டேன். குடும்ப சூழ்நிலை கருதி மன்னிக்கவும்.' கீழே, கம்ப்யூட்டருக்காக, பிரான்சிஸ்.

சீனுவாசன் வாசித்துப் பார்த்து மனம் இளகினார். உதவியாளர் படிவம் நான்கு பக்கம் கொடுத்தார்கள். எறும்பு எழுத்து. முதல் பக்கத்தில் 'மேற்படி', 'யாதொரு', 'இதன்கண்' என்று மூன்று வரி படிப்பதற்குள் பிரான்சிசுக்குக் கண்ணைக் கட்டியது. கடைசிப் பக்கத்துக்குத் தாவினார். 'அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன்' என்று இருந்தது. ஒப்புக்கொண்டார். அம்சவள்ளி அதைத் தொகுப்பில் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் பணியில் சேர்ந்தது. முழு நாள் கரண்டு. ஆனவர் ஆகாதவர் எல்லாரும் சுற்றி நிற்க, நாலரை மணிக்கு அப்டேட் நூறைத் தொட்டது. டூல்பார்கள் பதின்மூன்று ஆகியிருந்தன. எட்டாவது, 'சென்ற முறை தாங்கள் தங்கிய அதே அறை காலியாக உள்ளது' என்றது. சீனுவாசன் துண்டை எடுத்து அந்தப் பட்டையின்மேல் மட்டும் போட்டார்.

அம்சவள்ளி உதவியாளர் படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, மலர்விழியின் மனுவைத் திறந்தார். மிச்சமிருந்த ஒரு விரற்கடையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

"நிராகரிக்கப்பட்டது. விண்ணப்பதாரரின் தந்தை பட்டதாரி."

"யாரு, நானா?" என்றார் பிரான்சிஸ். "நான் எட்டாவது மேடம்! அதுவும் பெயிலு!"

அம்சவள்ளி படிவத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உதவியாளராக இருப்பவர் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவராக இருத்தல் வேண்டும். அவ்வாறே பெற்றுள்ளேன் என உறுதியளிக்கிறேன். இரண்டு நாள் பாடுபட்டு அவர் காப்பாற்றிவிட்ட கம்ப்யூட்டர், வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக அவரைக் காட்டிக்கொடுத்திருந்தது.

"அது தெரியாம போட்ட கையெழுத்து சார்!"

சீனுவாசன் பொறுமையாக விளக்கினார். "பட்டதாரின்னா சான்று கிடையாது. பட்டதாரி இல்லைன்னா பொய் உறுதிமொழி, கேஸு. அது போவட்டும்னு விட்டாலும் உன் விளக்கம் செல்லாது. விளக்கம் செல்லாதுன்னா கம்ப்யூட்டர் திரும்ப சஸ்பெண்டு. அப்புறம் உனக்கு சான்று எதுல எடுக்கறது? நீயே சொல்லு."

பிரான்சிசுக்குச் சொல்லத் தெரியவில்லை. பட்டதாரியாக இருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

பஸ் ஸ்டாண்டில் மலர்விழி காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் செத்துப்போனது. அந்த நேரம் பார்த்து அவர் போன் கிணுகிணுத்தது. அவளே வாங்கிப் படித்தாள்.

'அன்புள்ள பட்டதாரி பிரான்சிஸ் அவர்களே! தங்கள் மேற்படிப்புக்கு இடம் காத்திருக்கிறது. இன்றே சேர்ந்தால் கட்டணச் சலுகை உண்டு.'

"அரை மணி நேரம்கூட ஆவலியே," என்றார் பிரான்சிஸ். "யாரு சொல்லியிருப்பா?"

மலர்விழி போனை அவர் கையில் திணித்தாள். "இன்னாப்பா நீ? நாலு பக்கம் படிச்சுப் பாக்காமலா கையெழுத்துப் போடுவாங்க? என் படிப்பே போச்சே! சரி, வுடு. விழுப்புரத்துக்கு ஆன்லைன்ல மேல்முறையீடு பண்ணலாமாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் வருமாம். இப்பவே போட்டுர்றேன்."

தன் போனில் பக்கத்தைத் திறந்தாள். நாற்பத்தாறு பக்க நிபந்தனைகள் வந்தன. அவர்கள் ஊர் வழியாகப் போகும் விழுப்புரம் பஸ் நகரத் தொடங்கியது. கண்டக்டர் விசில் கொடுத்தார். மலர்விழி கட்டைவிரலால் நாற்பத்தாறு பக்கத்தையும் ஒரே இழுப்பில் மேலே தள்ளி, கடைசியில் இருந்த பெட்டியை அழுத்தினாள்.

"படிச்சியாம்மா?" என்றார் பிரான்சிஸ்.

"இதையெல்லாம் யாருப்பா படிச்சிக்கினு இருப்பாங்க," என்றாள் மலர்விழி. "ஜல்தி ஏறு."